மூன்று சப்ஸ்கிரைப், ஒரு வடகம்

ஊர் பெயரைத் தட்டினால் அடுத்த 3 நாள் மழை நிலவரம் காட்டும் ஒரு சின்னப் பக்கம். அம்மா மாடியில் வடகம் காயப்போடும் முன் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தேன். வேலை இவ்வளவுதான்: ஊர் பெயரைக் கொடுத்து ஒரு ஏபிஐயில் (இன்னொரு சேவையிடம் நம் நிரல் தரவு கேட்கும் வழி) அட்சரேகை, தீர்க்கரேகை வாங்க வேண்டும். அது வந்த பிறகுதான் இன்னொரு ஏபிஐயில் வானிலை கேட்க முடியும்.

முதலில் ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் (அடுத்தடுத்து வரும் தரவைக் கையாளும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதியது படிக்கட்டு மாதிரி இருந்தது. தட்டச்சுக்கு ஒரு சப்ஸ்கிரைப் (வரும் தரவை வாங்கிக்கொள்ளப் போடும் சந்தா), அதற்குள் இடம் தேட ஒன்று, அதற்குள் வானிலைக்கு ஒன்று. ஓடியது. ஆனால் திருச்சி என்று அடித்துவிட்டு உடனே திருவாரூர் என்று மாற்றினால், சில சமயம் திருவாரூர் பெயருக்குக் கீழே திருச்சி மழை! பழைய கேள்வியின் பதில் தாமதமாக வந்து புதியதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. தட்டுவது நின்று கொஞ்சம் கழித்தே தேட வைக்கும் டிபௌன்ஸ்டைம் 300 மில்லிநொடி போட்டதும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அடிக்கடி வந்த குழப்பம் எப்போதாவது வந்தது, அவ்வளவுதான்.

படிக்கட்டை இடித்து, எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்து ஸ்விட்ச்மேப் போட்டேன். புதுப் பெயர் வந்ததும் பழைய சங்கிலியை அதுவே கைவிட்டுவிடும். இடத்திலிருந்து வானிலைக்குப் போகும் உள் கண்ணியில் ஸ்விட்ச்மேப், கான்கேட்மேப் என எந்த மேப் போட்டாலும் ஒன்றுதான், அங்கே ஒரே பதில் வந்து முடிந்துவிடுகிறது. வெளியே இருப்பதில்தான் கவனம் வேண்டும். இன்னொன்று, உலாவியின் ஃபெட்ச் கோரிக்கை தரும் பிராமிஸை (பின்னால் வரப்போகும் பதிலுக்கான உறுதி) ஃப்ரம் வழியாகச் சங்கிலிக்குக் கொடுத்திருந்தவரை கோரிக்கை நிற்கவில்லை, பதிலைத்தான் தூக்கிப்போட்டது. ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸின் சொந்தக் கோரிக்கைக் கருவியான ஏஜாக்ஸுக்கு மாறிய பிறகுதான் உலாவியின் நெட்வொர்க் பலகையில் கோரிக்கை ரத்தானது தெரிந்தது.

அப்புறம் வந்தது நிஜமான தலைவலி. இல்லாத ஊரை அடித்தால் தேடல் பெட்டியே செத்துப்போகும், அதன் பிறகு எதை அடித்தாலும் அசையாது. பழைய அசிங்கமான படிக்கட்டில் இந்தத் தொல்லை இல்லை என்பதுதான் எரிச்சல். அங்கே உள்ளே வந்த பிழை உள்ளேயே கிடந்தது. ஒரே சங்கிலியானதும் பிழை கடைசிவரை ஓடி, பெட்டியின் சந்தாவையும் முடித்துவிடுகிறது. பிழையைப் பிடிக்கும் கேட்ச்எரரை நான் சங்கிலியின் கடைசியில் வைத்திருந்தேன். அதை ஸ்விட்ச்மேப்புக்குள், இடமும் வானிலையும் சேர்ந்த உள் பைப்பின் (உள் சங்கிலியின்) முடிவில் நகர்த்தினேன். இப்போது ‘ஊர் கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குக் காத்திருக்கிறது. இந்த ஒரு வரியை நகர்த்த இரண்டு மாலைகள்!

பிடித்த ஊரைச் சேமிக்கும் பொத்தானுக்கும் கைப்பழக்கத்தில் ஸ்விட்ச்மேப்பே போட்டிருந்தேன். அடுத்தடுத்து இரண்டு ஊரைச் சேமித்தால் முதலாவது பாதியில் அறுந்துபோகலாம். அங்கே கான்கேட்மேப், ஒன்று முடிந்து அடுத்தது.

அம்மாவிடம் காட்டினேன். பக்கம் மழை இல்லை என்றது. அம்மா வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வடகத் தட்டை உள்ளே எடுத்துவிட்டார்.