கெட்டில் குற்றவாளி இல்லை

இன்னும் ஆறு வாரம்தான். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நானும் என் மனைவியும் ஓர் ஆர்.வி.க்குள் குடியேறுகிறோம். விடுமுறைக்குப் போய்வரும் கதை கிடையாது, இனி வீடே அதுதான். எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வண்டி, உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை, மடித்து வைக்கிற மாதிரி ஒரு மேசை. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் அவ்வளவு சின்ன இடத்தில் எப்படி இருப்பீர்கள் என்றே கேட்கிறார்கள். இடத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பள்ளியில் படிக்கும்போது 48 கே நினைவகம் கொண்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற சின்ன வீட்டுக் கணினி ஒன்று கைக்கு வந்தது, அன்றிலிருந்து இன்றுவரை கணினி, கருவி என்று வாங்கிக் குவித்தவன் நான், அத்தனையையும் சுவரில் இருக்கும் பிளக்கில் சொருகிவிட்டு அதை மறந்தே போனவன். அந்தச் சுவர் இனி இருக்காது என்பதுதான் கவலை.

முதலில் மின்சாரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், என் ஆறு மாதத்தைத் தின்றது அதுதான்.

வண்டியில் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் நான்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 12.8 வோல்ட், ஆகவே மொத்தம் 5120 வாட்-ஹவர். பழைய ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அதன் ஆயுள் போய்விடும் என்பதால் இதே அளவுக்கு எட்டு பேட்டரி வேண்டும், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 30 கிலோ. லித்தியத்தில் நான்கும் சேர்ந்தே 50 கிலோவுக்குள் முடிந்துவிட்டது. சரி, 5120 என்பது பெரிய எண், ராஜா மாதிரி வாழலாம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தெம்பில் மனைவியிடம் ஒரு கட்டளை வேறு போட்டேன்: மின் கெட்டில் மட்டும் வரக்கூடாது. 1500 வாட். பேட்டரியைக் குடித்துவிடும்.

அவள் வாக்குவாதம் செய்யவில்லை. "என்னங்க, அளந்து பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அளக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அளப்பதுதானே என் பிழைப்பு. பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டில் எனக்குச் சொந்தமான ஒவ்வொரு சாதனத்தையும் ஒரு முழு நாள் அளந்தேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க நான்கு நிமிடம். 1500 வாட், நான்கு நிமிடம், அதாவது 100 வாட்-ஹவர். நாளைக்கு நான்கு தடவை வைத்தாலும் 400. இந்தப் பக்கம் அலமாரியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிற என் சர்வரும் அதோடு சேர்ந்த வட்டுப் பெட்டியும் 85 வாட்தான் எடுத்தன, ஆனால் 24 மணி நேரமும் எடுத்தன. 2040. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்கின் சாதாரண அளவு ஆன்டெனா சராசரியாக 60 வாட், ஒரு நாளைக்கு 1440. வண்டியில் இருக்கும் இன்வெர்ட்டரில் எதையும் சொருகாமல் சும்மா ஆன் செய்து வைத்தாலே 28 வாட், அது 672. மூன்றையும் கூட்டினால் 4152. ஒரு விளக்கு எரியவில்லை, பிரிட்ஜ் ஓடவில்லை, யாரும் ஒரு பொத்தானைக்கூடத் தொடவில்லை, அதற்குள் ஐந்தில் நான்கு பங்கு பேட்டரி காலி!

கெட்டில் வருகிறது. சர்வர் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அந்த 4152-ஐக் குறைக்கிற வேலை. சர்வர் செய்துகொண்டிருந்த வேலைகளில் உண்மையில் தேவையானவை எவை என்று எழுதிப் பார்த்தால், பாதி வேலை அந்தச் சர்வரைக் கண்காணிப்பதற்காகவே ஓடிக்கொண்டிருந்தது. மீதியை ஒரு கையடக்கக் கணினிக்கு மாற்றினேன், 9 வாட், நாளைக்கு 216. ஸ்டார்லிங்கில் மினி என்ற சின்ன ஆன்டெனா 25 முதல் 40 வாட்டுக்குள் அடங்குகிறது, நேரடியாக டி.சி. மின்சாரத்திலேயே ஓடுகிறது, இரவு படுக்கும்போது அணைத்துவிடலாம். இன்வெர்ட்டர்தான் எனக்குப் பெரிய பாடம். பேட்டரியில் இருப்பது டி.சி., அதை வீட்டுச் சுவரில் வருகிற மாதிரி ஏ.சி. மின்சாரமாக மாற்றி, லேப்டாப் அடாப்டரில் சொருகி, அது மறுபடியும் டி.சி.யாக மாற்றி... இரண்டு தடவை சுங்கம் கட்டுகிற மாதிரி இது. இப்போது லேப்டாப், திரை, ரவுட்டர், கையடக்கக் கணினி எல்லாமே 12 வோல்ட்டிலோ யுஎஸ்பி-சி வழியாகவோ நேராக ஓடுகின்றன. கெட்டில் வைக்கும்போது மட்டும் இன்வெர்ட்டரைப் போடுகிறோம்.

கூரையில் 600 வாட் சூரியத் தகடுகள். 600 என்பது அட்டையில் எழுதியிருக்கிற எண். தட்டையாகப் படுத்திருக்கும் தகட்டுக்கு, சூரியன் சாய்ந்து வரும் நேரத்தில், வெயிலில் சூடேறிய நிலையில் அது கிடைக்காது. நல்ல கோடை நாளில் 2200 வாட்-ஹவர் வந்தது. மூடிய வானத்தில் 400 கூட வராத நாளும் உண்டு. ஒரு கிளையின் நிழல் தகட்டின் ஓரத்தில் விழுந்தால் அந்த ஓரம் மட்டும்தானே போகும் என்று நினைப்போம், உள்ளே செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் அந்த ஓரம் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது. வெயில் காலத்தில் நிழலில் நிறுத்தினால் நமக்குச் சுகம், பேட்டரிக்குப் பட்டினி. ஸ்டார்லிங்குக்கும் மரம் ஆகாது, அதற்குத் திறந்த வானம் வேண்டும். காட்டுக்குள் அழகான இடத்தில் வண்டியை நிறுத்திய படங்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அழகு தெரியவில்லை, நிழல்தான் தெரிகிறது.

செய்த தப்பையும் சொல்கிறேன். 12 வோல்ட்டில் வாழ்வதன் மறுபக்கம் ஆம்பியர். 1500 வாட் கெட்டிலுக்கு, இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து 130 ஆம்பியர் ஓடுகிறது. வீட்டு வயரிங் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எண்ணின் கனம் உடனே உறைக்காது. முதல் தடவை, கையில் மிச்சமிருந்த கேபிளையே போட்டேன், அதன் முனையில் லக் என்கிற உலோக இணைப்பானை இடுக்கியால் நசுக்கி ஒட்டவைத்தேன். வேலை செய்தது, அதுதான் ஆபத்து. மூன்றாவது நாள் லேசாகப் பிளாஸ்டிக் வாடை. வெப்பக் கேமரா ஒன்று என்னிடம் இருக்கிறது, வாங்கி ஐந்து வருடமாக ஜன்னல் இடுக்கில் குளிர் வருகிறதா என்று பார்ப்பதைத் தவிர எதற்கும் எடுத்ததில்லை. அதில் பார்த்தால் அந்த லக் மட்டும் வெள்ளையாகப் பளபளக்கிறது. எல்லாவற்றையும் பிரித்து, கட்டைவிரல் தடிமனுக்குக் கேபிள் வாங்கி, ஹைட்ராலிக் கருவியால் லக் அடித்து, பேட்டரி முனைக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போட்டேன். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், சாதாரண ஃபியூஸ் உருகிய பிறகும் நடுவே தீப்பொறி வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கக்கூடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. நான் முதலில் வாங்கிய மலிவு பேட்டரியில் குளிர்ப் பாதுகாப்பு இல்லை, விளம்பரத்தில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த வகை பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, திரும்பச் சரிசெய்ய முடியாதபடி கெட்டுப்போகும். உறைவிப்பான் பெட்டியில் ஓர் இரவு வைத்து எடுத்து சார்ஜரை இணைத்தபோது அது மறுக்கவே இல்லை, ஆவலோடு ஏற்றுக்கொண்டது. சார்ஜரை உடனே பிடுங்கிவிட்டுத் திருப்பி அனுப்பினேன். பணம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது.

மின்சாரம் முடிந்தது என்று மூச்சுவிட்டபோது எடை வந்து நின்றது.

வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டில் 720 கிலோ ஏற்றலாம் என்று போட்டிருந்தது. அந்தச் சீட்டு தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு உண்மை. அதற்கப்புறம் முந்தைய உரிமையாளர் வெயில் மறைப்பு, சைக்கிள் தாங்கி எல்லாம் சேர்த்திருக்கிறார். எரிபொருள் நிரப்பி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் மீதி 610 தான். தண்ணீர்த் தொட்டி 190 லிட்டர், அது அப்படியே 190 கிலோ. நாங்கள் இரண்டு பேர் 145. பேட்டரிகள் 48. தகடுகள், இன்வெர்ட்டர், கேபிள் எல்லாம் 60. ஆக மிச்சம் 167 கிலோ. துணிமணி, பாத்திரம், போர்வை, கருவிகள், மருந்து, கணினிகள், அவளுடைய புத்தகங்கள், எல்லாம் அதற்குள். என் பழைய சர்வர் அடுக்கு மட்டும் 38 கிலோ.

எடை என்றதும் எனக்கு ஸ்டீவன் ராபர்ட்ஸ் ஞாபகம்தான் வரும். அமெரிக்காவில் 1983-ல் வீட்டை விட்டுவிட்டு, படுத்தபடி ஓட்டும் சைக்கிளில் சூரியத் தகடும் டிஆர்எஸ்-80 மாடல் 100 கணினியும் கட்டிக்கொண்டு கிளம்பியவர். அந்தக் கணினிக்குத் திரையில் எட்டே வரி, நான்கு சாதாரண பென்சில் பேட்டரியில் இருபது மணி நேரம் ஓடும். வழியில் கட்டுரை எழுதி, தொலைபேசி இணைப்பு வழியாக அனுப்பியே பிழைத்தார். எனக்கு அவர் தெய்வம். ஆனால் அவர்கூடக் கடைசியில் பெஹிமத் என்று ஒரு சைக்கிளைக் கட்டினார், 105 கியர், உள்ளே பல கணினிகள், மொத்தம் 580 பவுண்டு, நம் கணக்கில் 260 கிலோவுக்கு மேல். அந்தப் பெயரே ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம், அதன் கடைசி இரண்டு எழுத்துக்குப் பொருள் 'ரொம்பவே கனம்'. அது இப்போது கணினி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்து அதைப் பெயரிலேயே ஒப்புக்கொண்டார், நான் அந்த நேர்மைக்கு வரவே ஆறு மாதம் ஆனது.

வயர் பெட்டி என்று எங்கள் வீட்டில் ஒன்று உண்டு. ஒன்று என்று சொன்னேனே, நான்கு. ஸ்கஸி கேபிள், பழைய பிரிண்டர் கேபிள், எந்தச் சாதனத்தோடு வந்தது என்றே தெரியாத அடாப்டர்கள். தூக்கிப்போட்ட மறுநாளே தேவைப்படும் என்ற நம்பிக்கையில் இருபது வருடம் காத்த பெட்டிகள். போட்டு மூன்று மாதம் ஆகிறது, ஒன்றும் தேவைப்படவில்லை, அது கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

வட்டுகளிலும் அதே கதை. 11 டெராபைட் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தால் பேக்கப்பின் பேக்கப், அதற்கும் ஒரு பேக்கப். உண்மையான சரக்கு 4 டெராபைட். ஓடும் வண்டியில் சுழலும் வட்டு வைப்பது வம்பு என்பதால் எல்லாம் எஸ்எஸ்டிக்கு மாறியது. ஒரு பிரதி வண்டியில், ஒன்று தம்பி வீட்டு அலமாரியில், ஒன்று பூட்டுப் போட்டு மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில். மேகத்துக்கு ஏற்றுவதை இப்போதே, வீட்டு ஃபைபர் இணைப்பு இருக்கும்போதே முடித்துவிட்டேன். விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் வழியிலிருந்து ஏற்றினால் 37 நாள், இரவு பகலாக.

முகவரி, தபால், காப்பீடு இதெல்லாம் ஒவ்வொரு ஊர்ச் சட்டத்துக்கும் வேறுபடும், அதற்குள் போகவில்லை. ஒன்று மட்டும்: வங்கி, மின்னஞ்சல் எல்லாம் ஒரே கைப்பேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பினால், சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கைப்பேசி தண்ணீரில் விழுந்த அன்று நீங்கள் யாருமே இல்லை. முடிந்த இடத்திலெல்லாம் சிக்னல் இல்லாமலேயே குறியீடு காட்டும் செயலிக்கும், யுஎஸ்பி பாதுகாப்புச் சாவிக்கும் மாற்றிக்கொண்டேன். சாவி இரண்டு, ஒன்று என்னிடம், ஒன்று அவளிடம்.

போன மாதம் வெளி மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வீட்டு வாசலிலேயே இரண்டு வாரம் வண்டியில் வாழ்ந்து பார்த்தோம். மூன்றாவது நாள் மேகம், பேட்டரி 40 சதவீதத்துக்கு இறங்கியது, நான் முகம் வாடி உட்கார்ந்திருந்தேன், அவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படிக்கப் போனாள். கழிவுத் தொட்டியின் மானி முதல் வாரத்திலேயே எப்போதும் முக்கால் என்று காட்ட ஆரம்பித்தது, உள்ளே இருக்கிற முனைகளில் அழுக்கு ஒட்டினால் எல்லா வண்டியிலும் இப்படித்தானாம். தொட்டிக்கு வெளியே ஒட்டும் சென்சார் வாங்கியிருக்கிறேன்.

வண்டியைச் சமமாக நிறுத்துவதற்கும் ஒரு கருவி செய்தேன். இஎஸ்பி32 சில்லு, ஒரு சாய்வுமானி, எந்தச் சக்கரத்துக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் கட்டை வைக்க வேண்டும் என்று கைப்பேசியில் காட்டும். இரண்டு வார இறுதி போனது. அதை இணைக்க நான் மெனு மெனுவாகத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் கொத்தனார் வைத்திருக்கிற மாதிரி ஒரு ரசமட்டத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "இடது முன்னாடி கொஞ்சம் தூக்குங்க" என்றாள். சரியாக இருந்தது. என் கருவியும் அதையேதான் சொன்னது, ஒன்றரை நிமிடம் கழித்து.

பாக்கி இருப்பது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று. எங்களுடையதில் பட்டை புதுசாக இருக்கிறது, வயது எட்டு. ஆறையும் மாற்றுகிறோம். அப்புறம் நாளை மறுபடியும் எடை மேடை, இந்தத் தடவை தண்ணீர் நிரப்பி, எல்லாச் சாமானும் ஏற்றி, நாங்கள் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து. பட்டியலில் மீதி இருப்பது மூன்று கிலோ. ஸ்பெக்ட்ரம் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அவளிடம் இன்னும் சொல்லவில்லை, கெட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.