ஒரு ஊசி போட மூணு வருஷமா?

எம்.டி. மயக்கவியலில் இடம் கிடைத்ததும் என் மாமியார் கேட்ட கேள்விதான் தலைப்பு. "ஒரு ஊசி போட்டுத் தூங்க வைக்கிறதுக்கு மூணு வருஷமாம்மா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருந்த எனக்கே இந்தத் துறையில் அப்படி என்னதான் படிப்பார்கள் என்று சரியாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம், எம்.பி.பி.எஸ். படிக்கும்போது தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார் என்பதுதான்.

2021 செப்டம்பரில் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதினேன். 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறானால் ஒன்று போய்விடும். இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு இழுத்துக்கொண்டே போய் 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடு தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதால், தமிழ்நாட்டில் எங்களுக்கு 50 சதவீதம் இருந்தது. அது இல்லையென்றால் என் ரேங்குக்கு இந்தக் கட்டுரையே இல்லை.

சேர்ந்த முதல் வாரமே ஒன்று உறைத்தது. ஊரில் நான் 'பெரிய டாக்டரம்மா'. இங்கே முதலாம் ஆண்டு பிஜி மாணவி. என்னைவிட ஆறு வயது சின்னவளான சீனியர் பிஜி, "அக்கா, ட்ரக் லோட் பண்ணிட்டீங்களா? அக்கா, லேபிள் ஒட்டலையே? அக்கா, அந்த லைனை மாத்திப் போடுங்க" என்பாள். அக்காவும் உண்டு, அதட்டலும் உண்டு. காலை ஏழு மணிக்குள் மெஷினைச் சோதித்து, மருந்துகளை ஊசியில் ஏற்றி, ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டிப் பேர் எழுதி வைக்க வேண்டும். நிறமில்லாத மருந்து நிரம்பிய ஐந்து ஊசிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் எது எது என்று கடவுளுக்கும் தெரியாது. தூங்க வைக்கும் மருந்தான ப்ரோபோஃபால் மட்டும் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், அதில் தப்பு நேராது.

அடுத்த இரண்டு மாதம், மயங்கிய நோயாளிக்கு மூச்சுக் கொடுக்கும் மாஸ்க்கைப் பிடிப்பதிலேயே போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மீதி மூன்று விரல்களும் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். இன்னொரு கை காற்றுப் பேகை அமுக்கும். பார்க்கச் சின்ன வேலை. பத்தே நிமிடத்தில் சுண்டுவிரல் மரத்துவிடும். நான் மாஸ்க்கை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தேன், காற்று ஓரமாகக் கசிந்துகொண்டே இருந்தது. உதவிப் பேராசிரியர் என் கையைத் தட்டிவிட்டு, "மாஸ்க்கைக் கீழே அமுக்காதே, தாடையை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொண்டு வா" என்றார். அந்த ஒரு வாக்கியம் கைக்கு ஏற மூன்று வாரம் ஆயிற்று.

மாலையில் வகுப்பு. அங்கேதான் அதிர்ச்சி. மருந்தியல், உடலியல் எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் பிளஸ் டூவோடு முடிந்தது என்று நினைத்த இயற்பியல் திரும்பி வந்து முன்னால் நின்றது. ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தம் பாதியாகக் குறைந்தால் உள்ளே பாதி இருக்கிறது என்று அர்த்தம். மயக்கத்துக்குப் பயன்படும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரில் அப்படி இல்லை. உள்ளே திரவமாக இருப்பதால் கடைசிச் சொட்டு திரவம் தீரும்வரை அழுத்தமானியின் முள் அசையாது, அப்புறம் சடாரென்று விழும். எனக்கு மண்டையில் ஏறவில்லை. பேராசிரியர், "உன் வீட்டில் கேஸ் தீரப்போகிறதா என்று எப்படிப் பார்ப்பாய்?" என்று கேட்டார். தூக்கிப் பார்ப்பேன், இல்லையென்றால் ஈரத்துணியால் துடைத்து எந்த மட்டம் வரை சீக்கிரம் காயாமல் இருக்கிறது என்று பார்ப்பேன் என்றேன். "அதேதான். இதையும் எடைபோட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்." (36.5 டிகிரிக்கு மேல் நைட்ரஸ் ஆக்சைடு எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக நிற்காது, ஆகவே மே மாத வெயிலில் வெளியே கிடக்கும் சிலிண்டருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இது வைவா என்ற வாய்மொழித் தேர்வில் பலரை வீழ்த்திய கிளைக்கேள்வி.)

ஆபரேஷனுக்கு முன் நோயாளியைப் பரிசோதிக்கும் ஓபியில்தான் என் பழைய அனுபவம் கைகொடுத்தது. நாக்கை நீட்டச் சொல்லி, தொண்டையில் எவ்வளவு தெரிகிறது என்று நான்கு நிலையாகப் பிரிப்பது மல்லம்பட்டி முறை. வாய்க்குள் மூன்று விரல் நுழைகிறதா, ஆடுகிற பல் உண்டா, கழுத்து பின்னால் சாய்கிறதா என்பதும் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகப் பாக்கும் புகையிலையும் போட்டவர்களுக்கு வாய் ஒன்றரை விரல்கூடத் திறக்காது. அதை மேஜையில் மயக்கம் கொடுத்த பிறகு கண்டுபிடித்தால் கதை முடிந்தது.

ஆனால் மிகக் கடினமான பரிசோதனை, "என்ன சாப்பிட்டீங்க?" என்ற கேள்விதான். விதி எளிது: தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் என்றால் இரண்டு மணி நேரம், லேசான சாப்பாடு என்றால் ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரமும் கறியும் என்றால் எட்டு. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. நம் ஊரில் "ஒண்ணும் சாப்பிடல" என்பதற்கு அர்த்தம் சோறு சாப்பிடவில்லை என்பதுதான். இரண்டு இட்லி சாப்பாட்டில் சேராது. காப்பி எதிலுமே சேராது. பால் கலந்த காப்பிக்கு ஆறு மணி நேரக் கணக்கு என்பதை யாரும் நம்பவும் மாட்டார்கள். அதனால் நான் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். "காலைல காப்பிக்குத் தொட்டுக்க என்ன?" என்று கேட்பேன். "பன்னு மட்டும்தாம்மா" என்று உடனே பதில் வரும்.

முதல் முறை மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்ட நாளைச் சொல்லியாக வேண்டும். குடலிறக்க நோயாளி, நல்ல ஆரோக்கியமானவர். மூன்று நிமிடம் ஆக்சிஜன் கொடுத்து, தூங்க வைத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்தாயிற்று. தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பை வாய்க்குள் விட்டேன். மூச்சுக்குழாயின் வாசலில் தலைகீழ் வி போல வெள்ளையாகக் குரல்நாண்கள் தெரியும் என்று படித்திருந்தேன். எனக்குத் தெரிந்தது எல்லாமே இளஞ்சிவப்பு. ஏதோ ஒரு துளையில் ட்யூபைச் செலுத்தினேன். ஆக்சிஜன் அளவு 100. எல்லாம் சரி என்று நிமிர்ந்தால், வெளிமூச்சின் கரியமில வாயுவைக் காட்டும் கோடு இரண்டு சின்ன மேடு காட்டிவிட்டுத் தரையோடு படுத்துவிட்டது. "எடு. மாஸ்க் வை" என்றார் உதவிப் பேராசிரியர், குரலை உயர்த்தாமல். ட்யூப் உணவுக்குழாய்க்குள் போயிருந்தது. முன்கூட்டியே நிரப்பிய ஆக்சிஜன் பல நிமிடம் தாங்கும் என்பதால்தான் 100 என்ற எண் அசையவில்லை. குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்த அவகாசம் வெகு குறைவு. இரண்டாவது முறை அவரே போட்டார். அன்று அந்த லிஸ்ட் முடியும்வரை யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகுதான் காது திறந்தது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் 'பீப்' சத்தம் வெறும் நாடிக் கணக்கு இல்லை. ஆக்சிஜன் குறையக் குறைய சுருதியும் இறங்கும். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டுபிடித்த முறையில் இருந்து வந்த கருவி இது. திரையைப் பார்க்காமல், முதுகைத் திருப்பி மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, 99 இறங்கி 94க்கு வந்துவிட்டது என்று காது சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டு நடுவில் எனக்கு அது வந்தது. வீட்டில் குக்கர் விசில் எண்ணுவதில்கூடத் துல்லியம் வந்துவிட்டது என்று கணவர் கிண்டல் செய்தார்.

தீசிஸ் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. மயக்கவியல் தீசிஸ்களில் முக்கால்வாசி, முதுகில் போடும் மருந்தோடு எதைக் கலந்தால் வலி இன்னும் கொஞ்ச நேரம் தெரியாமல் இருக்கும் என்பதைப் பற்றித்தான். என்னுடையதும் அதேதான். 60 பேர், யாருக்கு எந்த மருந்து என்று சொல்லும் மூடிய கவர் ஆளுக்கொன்று, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆராய்ச்சிப் பாடத்தையும் முடித்தாக வேண்டும். அதுவாவது உருப்படியாக இருந்தது. மற்றபடி, தீசிஸுக்குச் செலவழித்த இரவுகளில் தூங்கியிருக்கலாம்.

ஐசியூ போஸ்டிங்கில் வந்த ஒருவரை மறக்க முடியாது. வயலோரக் கொட்டகையில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடித்திருந்தது. வரும்போதே இமை தூக்க முடியவில்லை, சீக்கிரமே மூச்சும் நின்றது. வென்டிலேட்டரில் போட்டோம். விஷமுறிவு மருந்து கொடுத்தாயிற்று, ஆனாலும் கட்டுவிரியன் விஷம் நரம்பு முனைகளையே சிதைத்துவிடுவதால் அவை மீண்டு வரக் காத்திருக்கத்தான் வேண்டும். கை அசையாது, கண் திறக்காது. கருவிழிப் பாவைகூட டார்ச் வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. புதிதாக வந்த ஹவுஸ் சர்ஜன், மூளை போய்விட்டதா மேடம் என்று அவர் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று கேட்டான். "இல்லப்பா, எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருப்பார்" என்றேன், புத்தகத்தில் படித்ததை வைத்து. ஐந்தாம் நாள் விரல் அசைந்தது. ட்யூபை எடுத்த மறுநாள் அவர் கரகரத்த குரலில் சொன்ன முதல் நீளமான வாக்கியம்: "அந்தத் தம்பி நான் செத்துட்டேன்னு சொன்னாரு, நீங்க இல்லேன்னீங்க."

எங்கள் பேட்சில் இருந்துதான் மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணி கட்டாயமானது. பலரும் சலித்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், மொத்தப் படிப்பில் அதுதான் சத்தான பகுதி. கல்லூரியில் கூப்பிட்டால் ஓடிவர மூன்று பேர் இருப்பார்கள். அங்கே இரவில் நானும், போனில் ஒரு சீனியரும்தான். ஒரு சிசேரியன், ஆளை விழித்தபடியே வைத்து முதுகில் ஊசி போடும் ஸ்பைனல் முறையில். இடுப்பெலும்பு மட்டத்தைத் தடவி, முதுகில் இரண்டு எலும்புக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, லேசாக 'டப்' என்று விடுபடுவதை உணர்ந்து, தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு வந்ததும் மருந்தைக் கொடுத்துப் படுக்க வைத்தேன். குழந்தையை எடுத்த நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் உடனே வரவில்லை. மானிட்டரின் பேட்டரி எப்போதோ செத்திருந்தது. சிஸ்டர்கள் இருவர் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, நான் ஒரு கையால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். என்ன பேர் வைக்கப்போறீங்க, மூத்தது என்ன படிக்குது. பதில் தெளிவாக வரும்வரை மூளைக்கு ரத்தம் போகிறது என்று அர்த்தம். அவள் நான்கு பேர் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு வந்துவிட்டது.

பரீட்சை பற்றிச் சுருக்கமாக. நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். பிறகு பிராக்டிகல். நீண்ட கேஸ், குறுகிய கேஸ்கள், மேஜை மேஜையாக மருந்து, கருவி, இசிஜி, எக்ஸ்ரே. வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் மெஷின் மேஜையில் கேட்டார்: "நடுவுல கரண்ட் போயிடுச்சு, ஜெனரேட்டர் வரல, மானிட்டரும் ஆஃப். என்ன பண்ணுவீங்க?" புத்தகப்படி கையால் அமுக்கும் பேகில் தொடங்கினேன். "ஸ்பைனல் கேஸ்னா?" என்றார். நாடியில் கை வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பேன் சார் என்றேன். எதைப் பற்றி என்றார். குழந்தைக்கு என்ன பேர் என்று. ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது ஒரு தாலுகா மருத்துவமனையில் இருக்கிறேன். சேர்ந்த அன்று தியேட்டருக்குள் போனபோது ஒரு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது, ஆனால் எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. மானிட்டரில் எண்கள் எல்லாம் ஓடின, சத்தத்தை மட்டும் யாரோ முழுக்க அணைத்து வைத்திருந்தார்கள். கூட்டி வைத்தேன். சர்ஜன் தலையைத் தூக்கி, "மேடம், இது காதைக் குடையுது" என்றார். சரி சார் என்று ஒரு படி மட்டும் குறைத்தேன்.