லைட் குக்கிங் ஒன்லி

வாடகை விளம்பரத்தில் அறையின் படம் பளிச்சென்று இருக்கும். ஏசி, மெத்தை, நடந்தால் எம்ஆர்டி ரயில். கடைசி வரியில் நிற்கும்: "லைட் குக்கிங் ஒன்லி." லேசான சமையல் மட்டும். தாளிக்காமல் என்ன சமையல்? சிங்கப்பூரில் வாடகைக்கு இடம் தேடும் தமிழருக்குச் சுருக்கென்று தைக்கும் வரி இது.

வீடு தேடும் தளமான புராப்பர்ட்டிகுருவில் பட்டியல் நீளம். கட்டண விளம்பரங்கள் முன்னால் நிற்பதால், வரிசையைப் 'புதியவை முதலில்' என்று மாற்றிப் பாருங்கள். ஒரே வீட்டை இரண்டு மூன்று முகவர்கள் போட்டிருப்பார்கள். சதுர அடியும் சமையலறை டைல்ஸும் ஒத்துப்போனால் ஒரே வீடுதான். 99.co என்ற தளத்தில் வரைபடத் தேடல் கைகொடுக்கும். ஜூரோங்கில் வேலை என்றால், தொலைவிலுள்ள ஈசூனில் வாடகை 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைந்தாலும் அலைச்சலில் போய்விடும். பொருள் வாங்கி விற்கும் தளமான கேரோசலில் வீட்டுக்காரர்களே அறை போடுவதும் உண்டு. காட்டாமலே முன்பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

ஆனால் எந்தத் தளத்தில் தேடினாலும் சமையலை வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். ஒருவருக்கு 'லைட்' என்றால் மேகி. இன்னொருவருக்கு ஞாயிறு மீன்குழம்பும் அதில் அடக்கம். வீட்டுக்காரரின் கவலையிலும் நியாயம் உண்டு: பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் துணி காயும் இடம் அடுப்படியை ஒட்டியே இருக்கிறது, மசாலா வாசம் சட்டையில் ஏறிவிடும். தினமும் சமைக்கலாமா, பொரிக்கலாமா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

அரசாங்கச் சேவைகளுக்கான மின்னடையாளமான சிங்பாஸ் கைக்கு வந்ததும் இங்கே ஊன்றிவிட்டோம் என்று தோன்றும். அப்போதுதான் ஊரில் கேட்டில் தொங்கும் 'டூலெட்' அட்டை நினைவுக்கு வரும். அங்கும் "சைவமா, அசைவமா?" என்று கேட்பார்கள்தான். ஆனால் வாசற்படியில் நின்று முகம் பார்த்துப் பதில் சொல்லலாம். சில வீடுகளில் காபியும் வரும்.

முகவரின் கைப்பேசி எண்ணை, சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் சிஇஏ அமைப்பின் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். வீவக வாடகைப் பணத்தை முகவர் கையால் தொடவே கூடாது. வைப்புத்தொகையைத் தன் கணக்குக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். முழு வீவக வீட்டை வாடகைக்கு எடுக்கும் மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கும் நிரந்தரவாசிகளுக்கும் வட்டாரத்து வீடுகளில் 8%, புளோக் வீடுகளில் 11% வரைதான் என்ற வரம்பு இருக்கிறது. அது நிரம்பிவிட்டதா என்று கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்காரரைப் பார்க்கச் சொல்லுங்கள். முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4%: மாதம் 2,800 வெள்ளி என்றால் ஓராண்டுக்கு 134 வெள்ளி.

வீடு பார்க்க மாலை ஏழு மணிக்குப் போங்கள். யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று நடைபாதையிலேயே தெரிந்துவிடும். பக்கத்துக் கதவிலிருந்து கறிவேப்பிலை வாசம் வந்தால், கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு அழைப்புமணியை அழுத்துங்கள்.