கால் ரத்தக்குழாய் லேசர்: மூன்று நாளைத் தின்ற சிடி

தண்டையார்பேட்டையிலிருந்து விடியற்காலையில் வெறும் வயிற்றோடு அப்பாவை, காலின் ரத்தக்குழாய் அடைப்புக்காக, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பதினோரு மணிக்கு அப்படியே திரும்பினோம். சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய் ஸ்கேன்) ஃபிலிமும் ரிப்போர்ட்டும் இருந்தன, படங்கள் பதிந்த சிடி டிஸ்க் இல்லை. அடைப்பு எவ்வளவு நீளம், அதில் எவ்வளவு கால்சியம் என்று ஓடவிட்டுப் பார்த்தால்தான் அடைப்பை லேசரால் கரைப்பதா, வெறும் பலூனை ஊதி விரிப்பதா என்று முடிவாகும். "ரிப்போர்ட் போதும் சார்" என்று அனுப்பிய ஸ்கேன் சென்டர் சிடி தர மூன்று நாள் ஆக்கியது. பில் கட்டும்போதே வாங்கி, திறக்கிறதா பாருங்கள்.

ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறும். அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் புதிதாக இருக்கட்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்கும்வரை யாரும் சொல்லவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசில் ஒரே நடையில் கிடைத்தது. சிக்கல் வேறு இடத்தில். லேசர் கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் விடும் மெல்லிய குழாய்) ஒருமுறை மட்டும் பயன்படுவது, விலை அதிகம். காப்பீட்டு அனுமதிக் கடிதத்தில் அது அடங்குகிறதா என்று அட்மிஷனுக்கு முன்பே கேளுங்கள். லேசருக்குப் பிறகும் பெரும்பாலும் பலூன் போடுவார்கள். பில்லில் இரண்டும் இருப்பதைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள், நாங்கள் போனோம்.

லேசர் என்றதும் சூட்டுக்கோல் போலச் சுடும் என்று பயந்தார் அப்பா. இது 308 நானோமீட்டர் புறஊதா ஒளி. தொடை மடிப்பில் துளையிட்டு, 0.014 அங்குலக் கம்பிமேல் கதீட்டரை ஏற்றி, நொடிக்கு 1 மில்லிமீட்டருக்கும் மெதுவாக நகர்த்துவார்கள். 10 சென்டிமீட்டர் அடைப்பென்றால் ஒரு தடவைக்கே 100 நொடிக்கு மேல். அவசரப்பட்டால் கொழுப்பைக் கரைக்காமல் தள்ளிக்கொண்டு போகும். கூடவே சலைன் ஓடவேண்டும்: ரத்தமோ கான்ட்ராஸ்ட்டோ அங்கே தேங்கினால் ஒளியை உறிஞ்சி, குமிழி வெடித்து, குழாய்ச்சுவர் கிழியலாம். கல்லாக இறுகிய கால்சியத்தில் லேசர் திணறும். உள்ளே எல்லோருக்கும், நோயாளிக்கும், கண்ணைக் காக்கும் கண்ணாடி உண்டு.

முடிந்தபின் பல மணி நேரம் காலை மடக்கக்கூடாது. அப்பா பாத்ரூம் போக எழுந்தார், துளையில் ரத்தம் கசிந்து, மறுபடி அழுத்திப் பிடித்தார்கள். யூரின் பாட்டிலை முன்பே வாங்கி வையுங்கள். பாதம் சில்லிட்டாலோ நிறம் மாறினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளோபிடோகிரெல் மாத்திரையைப் பல் பிடுங்கவென்றுகூட நீங்களாக நிறுத்தவேண்டாம்.

டிஸ்சார்ஜ் அன்று முதல் வேலையாக இந்த ஆஞ்சியோவின் சிடியைக் கேட்டு வாங்கி, எதிர்க்கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். திறந்தது.