பூட்டுப் போடும் வேலையும் கோரி டாக்டரோவும்

மின்னூல் தயாரிப்பதுதான் என் வேலை. பதிப்பகம் அனுப்பும் கோப்பை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, அடிக்குறிப்புகளை இணைத்து, சின்னத் திரையிலும் பெரிய திரையிலும் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்து அனுப்புவோம். ஈபப் என்ற மின்னூல் வடிவம் உண்மையில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு ஜிப் கோப்பு. பிரித்தால் அத்தியாயங்கள், அட்டைப்படம், எதற்குப் பின் எது என்று சொல்லும் பட்டியல் எல்லாம் படிக்கிற மாதிரியே கிடக்கும். கடைசியாக டிஆர்எம், அதாவது பிரதி எடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டு, ஏறிய பிறகு அதே புத்தகத்தைப் பிரித்தால், கோப்புகளின் பெயர்கள் அப்படியே இருக்கும். உள்ளே ஒரு வரி படிக்க முடியாது. எதையெல்லாம் பூட்டியிருக்கிறது என்று குறித்து வைத்த ஒரு சிறு கோப்பும் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும்.

அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவர் கோரி டாக்டரோவ். கனடாவில் பிறந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர். இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷனின் ஐரோப்பிய ஒருங்கிணைப்பாளராக லண்டனில் இருந்து வேலை பார்த்தவர். 2003 ஜனவரியில் அவருடைய முதல் நாவலை டோர் பதிப்பகம் வெளியிட்டது. அன்றைக்கே, படைப்பைப் பிறர் பகிர முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் முழு நாவலையும் இலவசமாகக் கொடுத்துவிட்டார். அந்த உரிமங்கள் வெளிவந்தே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. மறு வருடம் உரிமத்தை இன்னும் தளர்த்தி, வணிக நோக்கம் இல்லாமல் வாசகர்கள் அந்தக் கதையை வைத்துப் புதிதாக எதையும் உருவாக்கலாம் என்றார்.

இதை வைத்து அவரைக் காப்புரிமையின் எதிரி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. எழுத்தை விற்றுப் பிழைப்பவர் அவர். அவர் சொல்வது இதுதான்: காப்புரிமைச் சட்டம் பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் கடைக்கும் இடையிலான தொழில் விதி. பிரதி எடுக்க அச்சு இயந்திரம் தேவைப்பட்ட காலத்தில், பிரதி எடுப்பவர் யாரானாலும் அந்தத் தொழிலில் இருப்பவராகத்தான் இருப்பார். இன்று ஒரு பக்கத்தைத் திறந்தாலே கணினி பிரதி எடுத்துவிடுகிறது. படிக்கிற பிள்ளையின் தலையில் பதிப்பகத்துக்கான விதியைக் கட்டுவது எப்படிச் சரியாகும்?

அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம்தான் பூட்டுக்கு இவ்வளவு பலம் கொடுத்தது. பூட்டை உடைக்கும் கருவியை லாப நோக்கில் விற்றால், முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு சிறை வரை, 5 லட்சம் டாலர் அபராதம் வரை போகலாம். எழுதியவரே தன் வாசகருக்கு அந்தக் கருவியைக் கொடுத்தாலும் சட்டச் சிக்கல்தான். எழுத்தாளரின் பெயரால் போட்ட பூட்டின் சாவி கடையிடம் இருக்கிறது.

என் வேலையில் இது உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்துக் கேட்பதற்காக ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் எழுதுகிறோம். வரைபடம் என்றால் எந்தக் கோடு ஏறுகிறது, எது இறங்குகிறது என்று வார்த்தையில் சொல்ல வேண்டும். தலைப்பு தலைப்பாகவும் பட்டியல் பட்டியலாகவும் அடையாளம் காட்ட வேண்டும். பொறுமை கேட்கிற வேலை, ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை. பிறகு பூட்டு ஏறுகிறது. வாங்கியவர் தனக்குப் பழகிய மென்பொருளில் திறக்கப் பார்த்தால் திறக்காது. அமெரிக்காவில் இவர்களுக்காக விலக்கு உண்டு. ஆனால் அதை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த விலக்கும் உடைப்பதற்கு மட்டும்தான், உடைக்கும் கருவியை ஊருக்குக் கொடுப்பதற்கு இல்லை. காசு கொடுத்து வாங்கிய ஒருவரை இப்படி அலையவிடுவதை எந்தக் காரணம் சொல்லியும் என்னால் ஏற்க முடியவில்லை.

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, புத்தகங்கள் திறக்காமல் போயின. ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகளுக்கு என்ன விலை போடுவது?

பூட்டில்லாவிட்டால் திருட்டு பெருகும் என்று எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வார்கள். டோர் 2012-இல் தன் மின்னூல்கள் எல்லாவற்றிலும் பூட்டை எடுத்துவிட்டது. ஒரு வருடம் கழித்து அதன் பிரிட்டன் பிரிவு, திருட்டு குறிப்பிடும்படி கூடவில்லை என்று சொன்னது.

டாக்டரோவ் இதற்காகத் தன் வருமானத்தையும் பணயம் வைத்தார். அமேசானின் ஒலிநூல் கடையான ஆடிபிள் பூட்டில்லாமல் ஒலிநூல் விற்பதில்லை என்பதால், தன் ஒலிநூல்களை அங்கே கொடுக்க மறுத்தார். 2020-இல் மக்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டும் கிக்ஸ்டார்டர் தளம் வழியாக ஒரு நாவலின் ஒலிநூலை முன்விற்பனை செய்து 2,67,000 டாலருக்கு மேல் திரட்டினார். எல்லா எழுத்தாளருக்கும் இது நடக்காது. அவருக்குப் பல ஆண்டுகளாகச் சேர்ந்த வாசகர் கூட்டம் இருந்தது. இலவசமாகக் கொடுங்கள் என்று புதிய எழுத்தாளரிடம் நான் சொல்லமாட்டேன். பூட்டு விஷயம் வேறு.

அமேசானில் தாமே புத்தகம் வெளியிடும் எழுத்தாளர்களிடம் டிஆர்எம் வேண்டுமா என்று படிவத்திலேயே கேட்கிறார்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் பலர் ஆம் என்று குறித்துவிடுகிறார்கள். என்னிடம் கேட்பவர்களுக்குப் பூட்டிய கோப்பையும் பூட்டாத கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டுகிறேன். சாவி யாரிடம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு முடிவு அவர்களுடையது.