வண்ணாரப்பேட்டைக்கு மூன்று சுழி

போன மாதம் எங்கள் தெருப் பையன்கள் என் ஸ்டிக்கர் கடைக்கு வந்தார்கள். ஃபுட்பால் ஜெர்சி முதுகில் ‘வண்ணாரப்பேட்டை’ என்று போட வேண்டுமாம். "ராக்கெட்ல எழுதின மாதிரி இருக்கணும்ணே" என்றான் ஒருவன்.

அவன் கேட்டது எனக்குப் புரிந்தது. எங்கும் ஒரே தடிமனில் கோடு, மழுங்கிய மூலைகள், வட்டமும் இல்லாத சதுரமும் இல்லாத பழைய டிவி திரை போன்ற உடம்பு. இத்தாலியின் டூரின் நகரத்தில் இருந்த நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகத்துக்காக ஆல்டோ நோவரேசே வரைந்து 1962-ல் வெளிவந்த யூரோஸ்டைல் என்ற ஆங்கில எழுத்துரு அப்படிப்பட்டதுதான். 1975-ல் வந்த நாசாவின் சிவப்பு ‘புழு’ லோகோவில் இரண்டு ‘ஏ’க்கும் நடுக்கோடே கிடையாது. ஆனாலும் யாரும் தடுமாறாமல் படிக்கிறார்கள்.

தமிழில் அப்படி எதையும் உருவ முடியாது. ண-வில் ஒரு சுழியை எடுத்தால் அது ன. எங்கள் பேட்டையின் பெயரே தப்பாகிவிடும். சுழியை வைத்துக்கொண்டு கோட்டைத் தடிமனாக்கினால் உள்ளே இருக்கும் இடைவெளி அடைத்துக்கொள்கிறது. இந்தப் பெயரில் ண இரண்டு, அதுவும் அடுத்தடுத்து! கடைசியில் ண-வை மட்டும் மற்ற எழுத்துகளைவிட நன்றாக அகலமாக்கினேன். அகலமானதும் அதற்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் ணா-வுக்குப் பக்கத்தில் வரும் ர. அப்பா காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதியவர். அவர் கை இன்றைக்கும் பழைய ணா-வைத்தான் போடும். கால் தனியாக நிற்காமல் எழுத்தோடு சுருண்டிருக்கும். 1978 தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கால் பிரிந்து தனியாக நிற்கிறது. அச்சுக்கு அது பெரிய வசதி, மறுக்க மாட்டேன். ஆனால் இந்தச் சதுர உடம்பில் காலும் ர-வும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. ர-வின் அடியில் ஒரு சாய்வு வெட்டு வைத்தேன். மொத்த வடிவத்திலும் சாய்ந்த கோடு அது ஒன்றுதான். செய்ததில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான்.

மழுங்கிய மூலைக்கு அழகு தாண்டியும் ஒரு பயன் உண்டு. ஸ்டிக்கர் கூரான மூலையிலிருந்துதான் முதலில் உரியும். நாலு துவைப்பு தாண்டினால் ஜெர்சியில் அது தெரியும். கடல்காற்று படும் படகில் இன்னும் சீக்கிரம்.

பெயருக்குக் கீழே வரும் ஸ்பான்சர் போன் நம்பரையும் இதே எழுத்தில் கேட்டார்கள். முடியாது என்றேன். இது பெரிசாக, ரெண்டு மூணு சொல்லுக்கு மட்டும். சின்னதாக்கினால் 6-ம் 8-ம் ஒன்றாகத் தெரியும்.

ஜெர்சியைப் பார்த்துவிட்டு காசிமேட்டிலிருந்து ஒருவர் படகுக்கு ‘ஆழி’ என்று கேட்டிருக்கிறார். ஆ வந்துவிட்டது. ழ-வின் வால் இன்னும் பிடிபடவில்லை. அப்பாவிடம் பிரஷ்ஷைக் கொடுத்து ஒரு தடவை எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும்.