காலேஜ் மாறி பிசினஸ் படிக்கணும்னு நினைக்கிற பசங்களுக்கும் அவங்க அம்மா அப்பாவுக்கும்

கொஞ்ச நாளா எனக்கு வர்ற வாட்ஸாப் மெசேஜ்ல பாதி இதே கேள்விதான், "உங்க பொண்ணு மொதல்ல சேந்த யூனிவர்சிட்டிய விட்டுட்டு வந்து டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சு இப்போ அர்வைன் யூனிவர்சிட்டில பிசினஸ் படிக்கறாளாமே, எப்படிக்கா?"ன்னு. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு இங்கேயே எழுதிடறேன். இது கலிபோர்னியா கதை, மத்த ஸ்டேட்ல ரூல் எல்லாம் வேற.

எனக்கு மனசுல இருக்கறத மொதல்ல சொல்லிடறேன். கம்யூனிட்டி காலேஜ்னு (ரெண்டு வருஷம் படிக்கற கவர்ன்மென்ட் காலேஜ்) சொன்னவுடனே நம்ம ஆளுங்க குரல் இறங்கிடுது, ஏதோ துக்கம் விசாரிக்கிற மாதிரி "அப்படியா, பரவால்ல விடுங்க"ன்னு சொல்றாங்க, அதுவும் அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கும்போதே. தயவுசெஞ்சு அப்படி பேசாதீங்க. இது யாரோ கண்டுபிடிச்ச குறுக்கு வழி இல்ல. 1960ல இந்த ஸ்டேட் காலேஜ் படிப்புக்குன்னு தன்னோட மாஸ்டர் பிளான் போட்டப்பவே ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சவங்க மூணாவது வருஷம் யூசிக்கோ (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) கால் ஸ்டேட்டுக்கோ (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி, ரெண்டுக்கும் பல ஊர்ல கேம்பஸ் உண்டு) போறதுக்குன்னு எடம் வச்சுதான் போட்டாங்க. இன்னிக்கும் மொத வருஷத்துலயே சேர்ற ரெண்டு ஃப்ரெஷ்மேனுக்கு, வேற காலேஜ்ல இருந்து நடுவுல மாறி வர்ற ஒரு டிரான்ஸ்ஃபர்ங்கற கணக்குலதான் சேர்க்கணும்னு யூசி குறி வச்சிருக்கு. கடைசில கையில வர்ற டிகிரி எல்லாருக்கும் ஒண்ணுதான்.

என் பொண்ணு மொதல்ல வெளி ஸ்டேட்ல கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் சேந்தா. அங்க ஒரு எகனாமிக்ஸ் கிளாஸ் எடுத்தப்பறம்தான் தனக்கு எதுல ஆர்வம்னே தெரிஞ்சுது, ஆனா அந்த யூனிவர்சிட்டிக்குள்ளயே பிசினஸ் ஸ்கூலுக்கு மாறணும்னா தனியா அப்ளை பண்ணி செலக்ட் ஆகணும். அங்கேர்ந்து நேரா ஒரு யூசிக்கு மாறிடலாமேன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். பண்ணலாம், தடை ஒண்ணும் இல்ல, ஆனா டிரான்ஸ்ஃபர்ல யூசி மொதல்ல பாக்கறது கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் பசங்களத்தான், மத்த நாலு வருஷ யூனிவர்சிட்டில இருந்து வர்றவங்க அந்த வரிசைல பின்னாடிதான் நிக்கணும். அதனால வீட்டுக்கு வந்து டி ஆன்சால சேர்றதுன்னு அவளே முடிவெடுத்தா. ஃபீஸும் பாருங்க, கலிபோர்னியா ரெசிடென்ட்டா இருந்தா வருஷத்த ரெண்டா பிரிக்கற செமஸ்டர் காலேஜ்ல யூனிட்டுக்கு (கோர்ஸோட அளவு) 46 டாலர், மூணா பிரிக்கற டி ஆன்சா மாதிரி குவார்ட்டர் காலேஜ்ல 31 டாலர். வெளி ஸ்டேட்ல நாங்க கட்டினத நெனச்சா இது ஒண்ணுமே இல்ல.

இப்போ முக்கியமான விஷயம், மீதி எல்லாத்தையும் மறந்தாலும் இத மட்டும் மறக்காதீங்க. மொத குவார்ட்டர் கிளாஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே எந்தெந்த கேம்பஸுக்கு அப்ளை பண்ணப் போறோம்னு ஒரு லிஸ்ட் வேணும், அங்கேர்ந்து பின்னோக்கி கிளாஸ் பிளான் போடணும். அதுக்கு அசிஸ்ட்னு ஒரு வெப்சைட் இருக்கு, ஸ்டேட்டே நடத்தறது, ஃப்ரீ. உங்க காலேஜ், போக வேண்டிய கேம்பஸ், மேஜர் (முக்கியமா எடுத்துப் படிக்கற பாடம்) மூணையும் போட்டா இங்க எடுக்கற எந்த கோர்ஸ் அங்க எதுக்கு சமம்னு காட்டும். பிசினஸ்னா பொதுவா ரெண்டு எகனாமிக்ஸ் (மைக்ரோ, மேக்ரோ), கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், அக்கவுண்டிங், இங்கிலீஷ் ரைட்டிங் இதெல்லாம் வரும், ஆனா எது கட்டாயம், எவ்வளவு கால்குலஸ் வேணுங்கறது கேம்பஸுக்கு கேம்பஸ் மாறும். ஒரே மேஜர்னு நெனச்சு ஒரு கேம்பஸ் லிஸ்ட்ட மட்டும் வச்சு படிச்சீங்கன்னா இன்னொரு கேம்பஸ் கையவிட்டுப் போயிடும். என் பொண்ணு ஒரு பெரிய சார்ட் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்தா, மேல கேம்பஸ் பேர், பக்கத்துல கோர்ஸ் பேர், முடிச்சத பச்சை கலர்ல அடிச்சுக்கிட்டே வருவா.

அக்கவுண்டிங்ல ஒரு சிக்கல் இருக்கு. செமஸ்டர் காலேஜ்ல ஃபைனான்ஷியல், மேனேஜீரியல்னு ரெண்டு கோர்ஸா இருக்கறது குவார்ட்டர் காலேஜ்ல மூணு கோர்ஸா வரும், அந்த மூணையும் முடிச்சாதான் அங்க ரெண்டுக்கு சமமா எடுத்துப்பாங்க, ரெண்ட முடிச்சுட்டு மூணாவத வேற காலேஜ்ல எடுத்துக்கலாம்னு போனா பெரும்பாலும் பொருந்தாது. கால்குலஸும் அப்படித்தான், ஆரம்பிச்ச காலேஜ்லயே முடிக்கறது நல்லது.

இன்னொண்ணு, எல்லா யூசிலயும் பிசினஸ்ங்கற பேர்லயே மேஜர் இருக்காது. பெர்க்லில ஹாஸ், அர்வைன்ல மெராஜ் ஸ்கூல், ரிவர்சைட் இங்கெல்லாம் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் உண்டு. யூசிஎல்ஏல அது பிசினஸ் எகனாமிக்ஸ், டேவிஸ்ல மேனேஜீரியல் எகனாமிக்ஸ்னும் ஒண்ணு இருக்கு, சாண்டா பார்பரால எகனாமிக்ஸ் அண்ட் அக்கவுண்டிங். பேர மட்டும் பாத்து இதெல்லாம் ஒதுக்கிடாதீங்க, உள்ள என்ன பாடம்னு பாருங்க.

டேக்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க, சொன்ன மார்க்கும் கோர்ஸும் இருந்தா சீட் உறுதின்னு முன்கூட்டியே எழுதிக்கறது. ஆறு கேம்பஸ்லதான் இது இருக்கு, பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியாகோல கிடையாது, ஒருத்தர் ஒரே ஒரு கேம்பஸுக்குத்தான் போட முடியும், செப்டம்பர் மாசம் மட்டும்தான் டைம். டேக் இருக்கற கேம்பஸ்லயும் எல்லா மேஜருக்கும் தர மாட்டாங்க, அதுவும் வருஷத்துக்கு வருஷம் மாறுது, அதனால அந்த வருஷத்து லிஸ்ட்ட எடுத்து வச்சுக்கிட்டு கவுன்சிலர பாருங்க. கால் ஸ்டேட் போறவங்களுக்கு பிசினஸ்ல ஏடிடின்னு ஒரு அசோசியேட் டிகிரி (கம்யூனிட்டி காலேஜ்லயே வாங்கற ரெண்டு வருஷ டிகிரி) இருக்கு, அத முடிச்சா கால் ஸ்டேட்ல எங்கயாவது ஒரு எடம் உறுதி, ஆனா நம்ம கேக்கற கேம்பஸ்தான்னு உறுதி கிடையாது. சான் ஹோசே ஸ்டேட் மட்டும்தான்னு மனசுல வச்சிருக்கறவங்க இத கவனிக்கணும்.

பழைய காலேஜ் மார்க்க காட்டாம விட்டுடலாமான்னு ஒரு தம்பி கேட்டான். கூடவே கூடாதுப்பா. படிச்ச எல்லா காலேஜையும் போட்டே ஆகணும், அங்க எடுத்த கிரேடும் ஜிபிஏல (சராசரி மார்க்) சேரும், மறைச்சது தெரிஞ்சா கிடைச்ச சீட்டே போயிடும். அதே நேரம் பன்னெண்டாவது மார்க் சரியில்லன்னு பயந்துட்டு இருக்கறவங்க அந்த பயத்த விடலாம், டிரான்ஸ்ஃபர்ல காலேஜ் மார்க்கத்தான் பாக்கறாங்க. எஸ்ஏடியும் யூசி பாக்கறதில்ல.

யூசி அப்ளிகேஷன்ல கட்டுரை நாலு எழுதணும், ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள, அதுல ஒண்ணு எல்லா டிரான்ஸ்ஃபர் பசங்களுக்கும் கட்டாயம், இந்த மேஜருக்கு எப்படி தயாராகியிருக்கன்னு கேக்கும். அதுல என் பொண்ணு எங்க தெரிஞ்சவங்க மளிகைக் கடைல வார கடைசில வேலை பாத்தப்போ எந்த சரக்கு எப்போ தீருதுன்னு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுக் கொடுத்தத எழுதினா. பெரிய கம்பெனி இன்டர்ன்ஷிப் ஒண்ணும் அவகிட்ட இல்ல. தான் செஞ்ச வேலைய உண்மையா எழுதினா, அது நல்லா வந்துச்சு.

சீட் கிடைச்சப்பறம் நாங்க நிம்மதியா இருந்தோம், அவளுக்கு நிம்மதியே இல்ல. ரெண்டே வருஷம்தான் இருக்கு, அக்கவுண்டிங் கம்பெனிங்க எல்லாம் அடுத்த சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு ஃபால்லயே ஆள் எடுக்க ஆரம்பிச்சுடறாங்க, அதாவது கேம்பஸ்ல லைப்ரரி எங்க இருக்குன்னு தெரியறதுக்குள்ள கேரியர் ஃபேர் வந்துடும். மொத ரெண்டு வருஷமும் அங்கேயே இருந்த பசங்களுக்கு கிளப், சீனியர் எல்லாம் ஏற்கனவே பழக்கம். அதனால ஜூன் 1க்குள்ள சீட்ட ஒத்துக்கிட்ட கையோட சம்மர்லயே ரெஸ்யூமே எழுதி அந்த காலேஜ் கேரியர் சென்டர்ல காட்டி திருத்திக்கச் சொல்லுங்க. படிச்ச எல்லா காலேஜ்ல இருந்தும் ஃபைனல் டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள்ள போகணும், பழைய யூனிவர்சிட்டிகிட்ட இருந்தும்தான், அங்க ஏதாவது ஃபீஸ் பாக்கி இருந்தா இப்பவே கட்டி முடிச்சுடுங்க.

வேற சந்தேகம் இருந்தா கேளுங்க, எனக்கு தெரியலன்னா பொண்ணுகிட்ட கேட்டு சொல்றேன், மிட்டெர்ம் முடியட்டும்.